புறாத்தீவில் ஒரு பகல்

திருகோணமலையிலே பிறந்து வளர்ந்தோர்க்கு மாலுமி என்னும் மனிதர் புதியவர் அல்லர். நாம் சிறுவராய் இருந்த நாளில், கப்பலிலிருந்து இறங்கி வருவோரை அவர்தம் நடையைக் கொண்டே இனங்கண்டுவிடுவோம். நிலமும் அசைகின்றது என்னும் எண்ணம் நீங்காதவர்போலக் கால்களை அகட்டி வைத்து நடப்பார்கள். கடைத்தெருவில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு சவர்க்காரக் கட்டி, பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் என்று ஏதேனும் வாங்குவார்கள். பொழுது சாயுமுன் திரும்பிவிடுவார்கள். அவர்கள் அறிந்த திருகோணமலை ஒரு பகலின் அளவே.

திரும்பாதவர்களும் உண்டு. 1660ஆம் ஆண்டிலே, புயலில் முறிந்த பாய்மரத்தைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த ஆங்கிலக் கப்பல் ஒன்றின் ஆட்கள் கரையில் இறங்கினர். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் வீரர் அவர்களைப் பிடித்துக்கொண்டு போயினர். அவர்களுள் ஒருவனாகிய றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞன் தப்பியோடப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவன் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அக்கால இலங்கையை அறிய விரும்புவோர் இன்றும் அதனைத்தான் புரட்டுகின்றனர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சாள்ஸ் ஒஸ்டின் கடற்படைத் தளபதியாயிருந்து 1852இல் பர்மாவிலே நோயால் மாண்டவர்; அவரது கல்லறையும் எம் ஊரிலேதான் இருக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட மாலுமிகள் பலர் உப்புவெளிப் போர் மயானத்தில் வரிசையாகத் துயில்கின்றனர்.

இத்தனை கதைகளையும் நாம் வகுப்பிலே சொல்வதுண்டு. சொல்லாத கதை ஒன்றும் உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் கற்பிப்பது உயிரியல். 2010ஆம் ஆண்டில் ஒரு நாள், உயர்தர வகுப்பில் நிடாரியாக் கணத்தைப் பற்றிய பாடம். கரும்பலகையில் முருகை உயிரியின் படத்தை வரைந்தோம்: நடுவே வாய், அதனைச் சுற்றிப் பரிசக்கொம்புகள், கீழே சுண்ணாம்புக் கிண்ணம். "இது பூவும் அன்று, கல்லும் அன்று, விலங்கு. கல்லாய் நாம் காண்பது இந்த விலங்கு கட்டிய வீடு" என்று விளக்கினோம். கடைசி வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்தான்.

"சேர், நீங்கள் உயிரோட இருக்கிற முருகையைப் பாத்திருக்கிறீங்களோ?"

"பார்த்திருக்கிறோமே!" என்றோம்.

பொய். நாம் பார்த்திருந்ததெல்லாம் ஆய்வுகூட அலுமாரியில் வெளிறிக் கிடந்த இரண்டு துண்டுகளும் பாடநூற் படங்களுமே. துறைமுகத்து ஊரிற் பிறந்தும் எமக்கு நீந்தத் தெரியாது. எம் இளமைக் காலத்திலே கடல் என்பது முட்கம்பிக்கு அப்பால் உள்ள ஒன்று. காவலரணைத் தாண்டிக் கரைக்குப் போவதற்கே காரணம் சொல்லவேண்டியிருந்தது. இதை அன்றே சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் விளங்கிக்கொண்டிருப்பார்கள். ஆயினும் இருபத்தெட்டு வயது ஆசிரியனுக்கு "இல்லை" என்னும் சொல் அவ்வளவு எளிதாக வாயில் வருவதில்லை. பையன் திருப்தியோடு உட்கார்ந்துவிட்டான். அந்தத் திருப்திதான் எம்மைப் பல ஆண்டுகள் உறுத்தியது.

எம் ஊரவர் பலரும் இவ்வகையினரே என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை தோறும் கோணேசர் மலை ஏறுகின்றோம். மதிலருகே நின்று கீழே கருநீலமாய்க் கிடக்கும் ஆழத்தை எட்டிப் பார்த்துக் கும்பிடுகின்றோம். அதற்குள் என்ன இருக்கின்றது என்று தலையை விட்டுப் பார்த்தவர்கள் வெளியூரார். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களை அந்த மலையடிக் கடலிலே 1956ஆம் ஆண்டு மூழ்கிக் கண்டவர்கள் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும். அடுத்த ஆண்டே கிளார்க் அதுபற்றி ஒரு நூலும் எழுதிவிட்டார். மைக் வில்சனோ பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். கடலுக்குள் தலையை விட்டவன் வேறு மனிதனாகத் திரும்புவான் போலும்!

சென்ற வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசி ஒலித்தது.

"சேர், கோதுமைக் கப்பலில வந்திருக்கிறன். சீனக்குடாவிலதான் கட்டியிருக்கு. நாளைக்கு ஒரு பகல் லீவு. பின்னேரம் ஆறு மணிக்கு முதல் திரும்ப வேணும்."

அதே பையன். பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகள் போதாமற்போக, பயிற்சி பெற்று வணிகக் கப்பலில் மாலுமியாய்ச் சேர்ந்திருந்தான். உலகத்துத் துறைமுகங்களிற் பாதியைப் பார்த்தவனுக்குப் பத்தாண்டில் முதன்முறையாகத் தன் ஊர்த் துறைமுகத்துக்கே வேலையின் பொருட்டு வர வாய்த்திருக்கின்றது. தாயார் நகரிலேயே இருக்கின்றார். "அம்மாவோடு இருந்து சாப்பிடும்; பகல் முழுவதும் வீட்டில் இரும்" என்றோம்.

"அம்மா மத்தியானத்துக்குத்தான் சமைப்பா சேர். அதுக்கு முதல் புறாத்தீவுக்குப் போவமே? நீங்களும் வாங்கோ. எத்தினையோ கடலைப் பாத்திட்டன், எங்கட கடலை இன்னும் பாக்கேல்லை."

எமக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தப் பழைய கேள்வியை நினைவில் வைத்துத்தான் அழைக்கின்றானோ? மறுக்க வாய் எழவில்லை.

மறுநாட் காலை ஏழு மணிக்கு முச்சக்கர வண்டியில் இருவரும் புறப்பட்டோம். உப்புவெளி மயானத்தைக் கடக்கையில் அவன் தலையைத் திருப்பி அந்த வெண்கல் வரிசையைப் பார்த்தான்; ஒன்றும் பேசவில்லை. நிலாவெளிக் கரையில் இறங்கினோம். 2004 மார்கழி 26ஆம் நாள் இக்கரையை அலை வாரியதை அறிந்தோர்க்கு இங்கே நின்று கடலை வெறும் அழகாக மட்டும் பார்ப்பது கடினம். அன்று காலையோ அது எண்ணெய் பூசியதுபோல் வழவழவென்று கிடந்தது. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் தீவு, ஒரு யானை நீரில் முழங்காலிட்டதுபோல்.

உண்மையில் இரு தீவுகள்: பெரிய புறாத்தீவு, சிறிய புறாத்தீவு. மாடப்புறாக்கள் அங்குள்ள பாறைகளிற் கூடு கட்டுவதால் இப்பெயர். புறாமலை என்பாரும் உளர். ஆங்கிலேயர் காலத்திலே இத்தீவைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தனராம். புறாக்களின் பெயரைத் தாங்கிய தீவுக்கு நல்ல மரியாதை! 1963இல் இது சரணாலயமாயிற்று; 2003இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. கடலும் சேர்ந்து ஏறக்குறைய 471 ஹெக்டேயர். அதன் பின்னும் போர் இருந்ததால் வெளியாட்கள் வருகை குறைவு. 2009க்குப் பிறகு கூட்டம் வரத் தொடங்கிற்று. தமிழகத்திலே மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகள் 1986ஆம் ஆண்டிலேயே இவ்வாறு தேசியப் பூங்காவாக்கப்பட்டதை வாசகர் அறிந்திருப்பர். அது பெரும்பரப்பு. எமது தீவை மெல்ல நடந்தே சில நிமிடங்களில் குறுக்கே கடந்துவிடலாம்.

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு படகேறினோம். படகோட்டி எம்மை நன்றாக ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஸ்டருக்கு நீச்சல் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப அங்கியைக் கழட்டாதேங்கோ. கல்லில மட்டும் கால் வையாதேங்கோ."

இரண்டாவது வாக்கியத்தை நாம் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. எம் கவலை முதலாவதிலேயே இருந்தது.

தீவின் கரை மணற்கரை அன்று. உடைந்த முருகைத் துண்டுகளின் கரை. விரலளவும் முழங்கையளவுமாய், எலும்புபோல் வெளுத்து, காலடியிற் கிண்கிண் என்று ஒலிக்கும். பல காலத்து அலைகளும் புயல்களும் ஒதுக்கியவை. ஒரு துண்டைக் கையில் எடுத்துச் சிறு கிண்ணங்களை அவனுக்குக் காட்டினோம். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஓர் உயிர் இருந்தது என்றோம். பழக்கதோஷத்தால் ஆய்வுகூடத்துக்கு ஆகுமே என்று சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனோம். "சேர், இங்கயிருந்து ஒண்டும் கொண்டுபோகக் கூடாது" என்று மெல்லச் சொன்னான் மாணவன். திரும்ப வைத்தோம். அன்றைக்கு அது முதலாவது பாடம்.

அவனிடம் சொந்தமாகவே இரண்டு கண்ணாடி முகமூடிகளும் சுவாசக் குழாய்களும் இருந்தன. அக்கபாத் துறைமுகத்திலே செங்கடலில் இறங்கிப் பழகியவன். முகமூடியின் உட்புறத்திலே துப்பித் தேய்த்துக் கழுவினால் ஆவி படியாது என்றான். உயர்தர வகுப்பு ஆசிரியர் ஒருவர் தம் மாணவன் முன்னிலையிற் கண்ணாடியிலே துப்பிக்கொண்டு நின்ற காட்சியை எம் கல்லூரியில் எவரும் காணாதது நன்றாயிற்று. "மூக்கை மறந்திடுங்கோ, வாயால மெல்ல மூச்சு விடுங்கோ, நான் கையைப் பிடிச்சிருக்கிறன்" என்றான். இடுப்பளவு நீரில் நின்று, கண்ணை மூடி, இராமபிரானையும் கோணேசரையும் ஒருங்கே நினைந்து, முகத்தை நீருள் வைத்தோம். பிறகு கண்ணைத் திறந்தோம்.

வாசகரே, பதினாறு ஆண்டுகள் நாம் வரைந்த படம் தப்பு. கோடுகளிலே தப்பில்லை, பரிசக்கொம்புகளின் தொகையும் சரியே. ஆயினும் கரும்பலகையில் அது தனியொரு உயிராய் நின்றது. இங்கே தனியாய் ஒன்றுமே இல்லை. கலைமான் கொம்புக் காடு ஒன்று கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடந்தது. கொப்புகளின் நுனியெல்லாம் இளநீலமும் வெண்மையும். அதன் இடையிடையே மேசைபோல் விரிந்தன சில, மூளைபோல் மடிப்பு மடிப்பாய்த் திரண்டன சில. கொப்புகளுக்குள் மஞ்சளும் கறுப்புமான சிறு மீன்கள் நூறு நூறாய் நின்று, எம் நிழல் பட்டதும் ஒருசேர உள்ளே ஒடுங்கி, நிழல் விலகியதும் ஒருசேர வெளியே வந்தன. ஒரு கிளிமீன் பச்சையும் ஊதாவுமாய் வந்து பாறையைச் சுரண்டியது. அந்தச் சுரண்டும் ஒலி நீருக்குள் எம் காதில் நன்றாய்க் கேட்டது! சுரண்டித் தின்ற சுண்ணாம்பைக் கிளிமீன் மணலாகக் கழிக்கும் என்று எத்தனையோ வருடம் படிப்பித்திருக்கின்றோம். அதற்கு ஓசையுண்டு என்று எந்த நூலும் எமக்குச் சொல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய்!

மாணவன் கையை இறுக்கிப் பிடித்துச் சைகை காட்டினான். பாறையின் விளிம்புக்கு அப்பால், செட்டையின் முனை கரியதாய், மூன்று முழ நீளத்தில், ஒரு சுறா. அது எம்மைப் பொருட்படுத்தவேயில்லை. தன் வீட்டு முற்றத்தில் உலாவும் பெரியவர்போல் ஒருமுறை வளைந்து போயிற்று. இச்சாதி மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போவதே இயல்பு என்பது எமக்குத் தெரியும். அறிவுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. உடல் உதறியது, தலை சாய்ந்து குழாய்க்குள் நீர் புகுந்தது, உப்பு நீர் தொண்டையில் இறங்கிற்று. கையை விடுவித்துக்கொண்டு, நின்றால் போதும் என்று இரு காலையும் ஊன்றினோம்.

முருங்கைக் கொப்பு முறிவதுபோல் ஒரு சிறு முறிவு, பாதத்துக்குக் கீழே.

மார்பளவு நீர்தான். நின்று இருமித் தீர்த்தோம். பாதத்தில் எரிவு. மாணவன் எம்மை மெல்ல மல்லாத்தி, அங்கியின் மேல் மிதக்கவிட்டு, மணற்பாங்கான பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். மூச்சுச் சீரானதும் மறுபடி முகத்தை நீருள் வைத்து அந்த இடத்தைத் தேடிப் பார்த்தோம். எம் முழங்கையளவு நீளமான ஒரு கொப்பு, முறிந்த வாய் வெள்ளையாய்த் தெரிய, மணலிலே கிடந்தது.

இக்கொப்பு முருகை நல்ல கடலில் ஆண்டுக்குப் பத்துச் சதமமீற்றர் அளவில் வளரும். பாறைபோல் திரண்ட சாதியோ ஆண்டுக்கு ஒரு சதமமீற்றரும் வளர்வது அரிது. இதுவும் நாம் படிப்பித்ததே. ஆகவே கணக்குப் பார்க்கத் தெரியும். முறிந்தது நாலைந்து ஆண்டு வளர்ச்சி. அது தொடங்கிய காலத்தில் எம் மூத்த மகள் ஏழாம் வகுப்பில் இருந்தாள்.

இன்னுமொன்றும் தெரியும். கடல் சூடேறினால் முருகை தன் உடலில் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளிறிப்போகும். பெரும்பகுதி உணவு அப்பாசி சமைத்துக் கொடுப்பதே ஆகையால், வெப்பம் நீடித்தாற் பட்டினியால் மடியும். 1998இல் அவ்வாறு வெப்பம் ஏறியபோது தெற்கே ஹிக்கடுவையிலும் மேற்கே கற்பிட்டிப் பக்கத்திலும் பார்கள் பெரிதும் அழிந்தன; திருகோணமலைப் பார்கள் தப்பின. சுண்ணாம்புச் சூளைக்காக அகழ்ந்தவர், வெடி வைத்து மீன் பிடித்தவர், முள்முடி நட்சத்திரமீனின் படையெடுப்பு என்று எத்தனையோ இடையூறுகள் இத்தீவின் கடலில் நேர்ந்ததுண்டு. அவற்றையெல்லாம் தாண்டி நின்ற கொப்பு, அதன் பெயரையும் கணத்தையும் வகுப்பையும் அறிந்த ஒருவரின் காலடியில் முறிந்தது. எமக்குச் சற்றுத் தள்ளி, வெளியூர்ப் பிள்ளைகள் நால்வர் அதே பாரின் மேல் நின்று ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். வேறு நாளாயின் அவர்களுக்கு ஓர் உரையாற்றியிருப்போம். அன்று வாய் எழவில்லை. மாணவன்தான் நீந்திப் போய், "தம்பிமார், மணலில நிண்டு எடுங்கோ, காலும் வெட்டும்" என்றான். அவர்களும் நல்ல பிள்ளைகள், உடனே விலகினார்கள்.

கரையில் அமர்ந்து காலைக் கழுவுகையில் அவன் தன் கைக்குட்டையால் எம் பாதத்தைக் கட்டினான். கொப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாமே சொன்னோம்.

"தம்பி, ஒன்றை முறித்துவிட்டோம்."

"கண்டனான் சேர். அக்கபாவில நானும் முறிச்சனான். அது இதைவிடப் பெரிசு."

அதற்குமேல் தாங்கவில்லை. பழைய கதையையும் சொல்லிவிட்டோம்: "அன்று வகுப்பிலே நீர் கேட்டீரே, உயிருள்ள முருகையைப் பார்த்ததுண்டோ என்று. பார்த்ததாகச் சொன்னது பொய். இன்றுதான் முதன்முறை."

அவன் புருவத்தை நெரித்து யோசித்தான். நிச்சயமாக நடிப்பன்று.

"நான் அப்பிடிக் கேட்டனானோ சேர்? எனக்கு ஞாபகமே இல்லை."

இத்தனை வருடம் நாம் சுமந்த சுமை அவன் கணக்கில் இல்லவே இல்லை! சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் இருந்தோம். "என்றால் என்னை ஏன் கூட்டி வந்தீர்?" என்று கேட்டோம்.

"தனியப் பாத்தா ஆரிட்டச் சொல்லுறது, சேர்? கப்பலில ஆருக்கும் இதின்ர பேர் தெரியாது. நீங்களெண்டா ஒவ்வொண்டையும் பேர் சொல்லிக் காட்டுவீங்கள்."

அதன் பின்னர் இன்னும் ஒரு மணி நேரம் நீருள் இருந்தோம். அவன் விரலை நீட்டினான். தலையை வெளியே எடுத்து நாம் பெயர் சொன்னோம். மறுபடி முகத்தை வைத்தோம். தெரியாத மீன் வந்தபோது தெரியாது என்றோம். அப்படிச் சொல்வது நினைத்ததைவிட இலகுவாகவே இருந்தது. ஓர் ஆமை புல்லை மேய்ந்துவிட்டு மூச்செடுக்க மேலே வந்தபோது, கைகொட்ட வேண்டும்போல் இருந்தது; கொட்டினால் மூழ்கிவிடுவோம் என்னும் அச்சத்தால் விட்டோம்.

மதியம் அவன் தாயார் வீட்டிலே சோறு. மீன் குழம்பு, முருங்கைக்காய், இறால் வறுவல். அந்த அம்மா மகனின் உப்புப் படிந்த தலையைப் பார்த்து, "கடலிலதானே சீவிக்கிறாய், லீவிலயும் கடலோ?" என்று கடிந்துகொண்டே மூன்றாம் முறை சோறு போட்டார். அவன் உண்டு முடித்து, திண்ணையிற் படுத்து, இரண்டு மணி நேரம் பிணம்போல் உறங்கினான். தாயார் விசிறியும் கையுமாய் அருகே உட்கார்ந்திருந்தார். எழுப்ப வேண்டிய நேரத்தைத் தாண்டியும் அவருக்கு எழுப்ப மனம் வரவில்லை. நாம்தான் எழுப்பினோம். ஐந்தே முக்காலுக்கு அவனைச் சீனக்குடாவிலே விட்டோம். முகமூடி ஒன்றை எம் கையிலே தந்து, "அடுத்தமுறைக்கு வைச்சிருங்கோ சேர்" என்று சொல்லிவிட்டு, கால்களை அகட்டி வைத்து நடந்து போனான்.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னோம். கொப்பு முறிந்ததையும் சேர்த்து. பிள்ளைகள் அமைதியாகக் கேட்டனர். பின் ஒரு சிறுமி, "எவ்வளவு நீளம் சேர்?" என்றாள். கையை நீட்டி முழங்கையைக் காட்டினோம். அவள் கொப்பியில் ஏதோ கணக்குப் போட்டாள்.

முகமூடி எம் வீட்டிலே குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றது. சனிக்கிழமை காலைகளில் உப்புவெளிக் கரையிலே, மணற்பாங்கான இடத்தில், இடுப்பளவு நீரில் நின்று நீந்தப் பழகி வருகின்றோம். சென்ற வாரம் எட்டுப் பாகம் தூரம் கால் ஊன்றாமற் போனோம். எம் கல்லூரிச் சிறுவர் இருவர் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தனர். ஒருவன் ஒன்பது என்கின்றான்.